கொல்லைப்புறத்தில் ஒரு 'நாலு வீல்' கார்! கட்டிவிடலாம்... ரோட்டில் ஓட்ட முடியுமா?

தேனி-

அதிகாலை 4 மணி. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பக்கம் ஊர் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆனால் ஜீப்புகள் விழித்துவிட்டன!

தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். இடித்து நெருக்கி உட்காருகிறார்கள். மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். பொழுது சாய்ந்ததும் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள்.

போடிமெட்டு சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் சுமார் 4,500 அடி உயரம். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பாதாளம்.

இது கூடப் பரவாயில்லை. கொழுக்குமலை இருக்கிறதே, அது 7,000 அடிக்கு மேல். தேனி மாவட்டத்து மலைதான். ஆனால் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே ரோடு என்று சொல்வதே தப்பு. கல்லும் பள்ளமும்தான். சாதாரண கார் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் மட்டும்தான் ஏறும்.

ஜீப் இருக்கிற ஊரில் ஜீப் பட்டறை இருக்கும். பட்டறை இருக்கிற ஊரில், அதன் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற பையன்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ஆசை: "நாமே ஒரு வண்டி கட்டினால் என்ன? நாலு வீலும் இழுக்கணும். ரேஸ் கார் மாதிரி பறக்கணும்!"

கட்ட முடியுமா? முடியும். ஓட்ட முடியுமா? அங்கேதான் வில்லங்கம்! அதன் விவரம் வருமாறு:-

யுத்தத்தில் பிறந்த வண்டி

ஜீப் பிறந்ததே சண்டைக்காக. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1941-ல், அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி ராணுவத்துக்கு ஜீப் செய்து கொடுக்க ஆரம்பித்தது. போர்டு கம்பெனியும் கூடவே செய்தது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் வெளியே வந்தன.

என்ஜின் 2.2 லிட்டர். சக்தி 60 குதிரை. இன்றைக்கு ஒரு சின்னக் காருக்கே அதைவிட அதிகம். அப்படியிருந்தும் அந்த ஜீப் மலை ஏறியது, சேற்றில் நீந்தியது.

இந்தியாவில் 1947 முதல் மகிந்திரா கம்பெனி ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. போருக்குப் பின் ராணுவத்தார் ஏலம் விட்ட ஜீப்புகளும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. மலையோர ஊர்க்காரர்களுக்கு அது வண்டி அல்ல, குடும்பத்தில் ஒருத்தன்!

சூட்சுமம் எங்கே?

அறுபது குதிரையை வைத்துக்கொண்டு எப்படி ஏறுகிறது? சூட்சுமம் கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. 'டிரான்ஸ்பர் கேஸ்' என்பார்கள்.

என்ஜின் சக்தி அங்கே வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு ஷாப்ட் பின்பக்க ஆக்சிலுக்குப் போகிறது. இன்னொன்று முன்பக்க ஆக்சிலுக்கு. 'லோ' கியர் போட்டால் வேகம் குறையும், இழுவை சுமார் இரண்டரை மடங்கு கூடும். நடக்கிற வேகத்தில், ஆனால் யானை பலத்தோடு வண்டி ஏறும்.

இந்தச் சக்தியை நல்ல தார் ரோட்டில் பிரயோகித்தால் ஆபத்து. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. பின்சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், கடைசியில் பல் சக்கரம் உடையும்.

அதனால்தான் வேகமாக ஓடும் நாலு வீல் கார்களுக்கு நடுவில் இன்னொரு 'டிபரன்ஷியல்' வைக்கிறார்கள். முன்னும் பின்னும் வேண்டிய அளவு வேறு வேறாகச் சுற்ற அது வழி விடும். 1980-ல் ஜெர்மனியின் ஆடி கம்பெனி 'குவாட்ரோ' காரை இந்த முறையில் கொண்டு வந்தது. 1982-லும் 1984-லும் உலக ராலி கம்பெனிப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது.

நம் நாட்டில் அந்தப் புகழ் 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கு. மலைப்பாதை ராலி என்றால் ஜிப்சி என்று ஒரு காலம் இருந்தது. அதன் உற்பத்தி இப்போது நின்றுவிட்டது.

பல்லை எண்ணு!

வீட்டில் வண்டி கட்டுகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

முன் ஆக்சில் ஒரு காயலான் கடையில் கிடைக்கும். பின் ஆக்சில் இன்னொரு கடையில் கிடைக்கும. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பல் கணக்கு வேறு!

யுத்தகால வில்லிஸ் ஜீப்பில் கிரவுன் சக்கரத்துக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். வகுத்தால் 4.88. பிறகு வந்த ஜீப்புகள் பலவற்றில் 43-க்கு 8. வகுத்தால் 5.38. முன்னால் அதையும் பின்னால் இதையும் மாட்டி நாலு வீல் கியர் போட்டால், வண்டி ஒரு கிலோ மீட்டர் ஓடுவதற்குள் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சுமார் 100 மீட்டர் அதிகமாக ஓடப் பார்க்கும். எப்படி விடும்? 'டமார்'!

ஆகவே, காசு கொடுக்கும் முன் மூடியைக் கழற்றிப் பல்லை எண்ண வேண்டும். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான் அல்லவா? அதே கதைதான்.

ஓடும்... நிற்குமா?

அடுத்த ஆபத்து என்ஜின் ஆசை. அறுபது குதிரைக்குச் செய்த சேஸில் நூற்றைம்பது குதிரை என்ஜினை வைக்கிறார்கள். வண்டி சீறிக்கொண்டு கிளம்பும். ஆனால் பிரேக்? அதே பழைய டிரம் பிரேக். பட்டை ஸ்பிரிங்கும் அதேதான். பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்திவிட்டால் கனம் மேலே ஏறிவிடும். வளைவில் கொஞ்சம் ஒடித்தால் போதும், குப்புறக் கவிழும்.

மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று மலை டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்த மலைப்பாதைகள் தப்பை மன்னிக்காது. 2022 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சபரிமலையில் இருந்து திரும்பிய தேனி மாவட்டத்து ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் பாய்ந்தது. 8 பேர் பலியானார்கள். அது வீட்டில் கட்டிய வண்டி அல்ல. கம்பெனி வண்டிக்கே அந்தக் கதி என்றால், வெல்டிங் வைத்து ஒட்டிய வண்டியை என்னவென்று நம்புவது?

பெரிய கம்பெனிகளே தடுமாறிய விஷயம் இது. ராலியில் 'குரூப் பி' என்ற அசுர வேகக் கார்களால் 1986-ல் போர்ச்சுக்கலில் வேடிக்கை பார்த்தவர்களும், கார்சிகா தீவில் ஓட்டியவர்களும் செத்தார்கள். அந்த ஆண்டோடு அந்த வகைக் கார்களையே ஒழித்துவிட்டார்கள்.

கோவைக்காரர்கள் செய்து காட்டினார்கள்

அப்படியானால் தமிழனுக்குக் கார் கட்டத் தெரியாதா? தெரியாமல் என்ன!

'விஞ்ஞான மேதை' ஜி.டி. நாயுடு 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரைச் செய்து காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான் என்று சொல்லப்படுகிறது. சர்க்கார் லைசென்சு கொடுக்கவில்லை. கார் அத்தோடு நின்று போயிற்று.

அதே கோவையில் எஸ். கரிவரதன். மில் அதிபர் குடும்பத்துப் பிள்ளை. சோழவரம் பந்தயங்களில் சீறிப் பாய்ந்தவர். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க எல்லாராலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து, ஒருவர் உட்காரும் 'பார்முலா மாருதி' ரேஸ் காரைக் கட்டினார். ஏழை வீட்டுப் பையனுக்கு இல்லாவிட்டாலும், நடுத்தர வீட்டுப் பையனுக்கு ரேஸ் கதவு திறந்தது. பிற்காலத்தில் இந்தியாவின் முதல் 'பார்முலா 1' வீரரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான்.

கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள ரேஸ் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கட்டிய கார் மைதானத்தில்தான் பறந்தது. அவினாசி ரோட்டில் அல்ல!

சுப்ரீம் கோர்ட்டு போட்ட பூட்டு

ரோட்டுக்கு வந்தால் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வண்டியின் விவரம் மாறும்படி சொந்தக்காரர் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று அது சொல்கிறது.

2019 ஜனவரி 9-ந் தேதி, கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் இறுக்கியது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றினால் பதிவு கிடையாது என்று தீர்ப்பளித்தது. கேஸ், மின்சாரம் என எரிபொருள் மாற்ற அங்கீகாரம் பெற்ற 'கிட்' பொருத்தலாம். உடல் ஊனமுற்றோருக்காக வண்டியை மாற்றி அமைக்கலாம். அதற்கெல்லாம் முறையான அனுமதி வேண்டும்.

அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. விதியை மீறி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! டயர் ஒன்று, சைலன்சர் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். தலை சுற்றும்.

பழைய வண்டியை மாற்றினாலே இந்தப் பாடு. தரையில் இருந்து புதிதாகக் கட்டினால்? பதிவுக்குக் கம்பெனியின் விற்பனைச் சான்றும் தகுதிச் சான்றும் வேண்டும். புனே போன்ற ஊர்களில் உள்ள அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் மாதிரி வண்டி தேற வேண்டும். ஒரே ஒரு கார் கட்டுகிற தனி ஆளுக்கு அது ஆகிற காரியமா? இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைப் பரிசோதித்துப் பதிவு கொடுக்கத் தனி முறையே உண்டு. நம் ஊரில் அப்படி எளிய வழி கிடையாது.

மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர், பழைய இரும்பை வைத்து, காலால் உதைத்துக் கிளப்பும் சின்னக் கார் செய்தார். 2021 டிசம்பரில் அதைப் பார்த்து ஆனந்த் மகிந்திரா அசந்து போனார். அவரே, "விதிப்படி இல்லாததால் என்றைக்காவது அதிகாரிகள் தடுத்துவிடுவார்கள்" என்ற பொருளில் எழுதி, அந்தக் காருக்குப் பதில் புது பொலிரோ கொடுப்பதாகச் சொன்னார். 2022 ஜனவரியில் கொடுத்தும் விட்டார். எல்லாருக்குமா மகிந்திரா வருவார்?

திராட்சைத் தோட்டம் போகும்!

அபராதம்கூட சில்லறை. இன்சூரன்சுதான் பெரிய இடி.

மாற்றிக் கட்டிய வண்டி ஆள் மேல் ஏறிவிட்டால் இன்சூரன்சு கம்பெனி தகராறு செய்யும். கோர்ட்டு நஷ்டஈடு லட்சக்கணக்கில் போகும். கடைசியில் அது வண்டிக்காரர் தலையில் வந்து விழலாம். பையன் ஆசைக்கு அப்பா திராட்சைத் தோட்டத்தை விற்க வேண்டி வரும்!

என்னதான் வழி?

ஆசைக்கு அணை போட வேண்டியதில்லை. மடை மாற்றினால் போதும்.

சொந்த நிலத்தில், வேலிக்குள்ளே, வண்டியைக் கட்டிப் பழகலாம். பொது ரோட்டில் ஏற்றக்கூடாது. பந்தயத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கான சங்கத்தின் லைசென்சும், உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டும், ஹெல்மெட்டும் வேண்டும். செட்டிப்பாளையமும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு, தாங்களே கட்டிய வண்டியை ஓட்டிக் காட்டும் 'பாஹா' போட்டி இருக்கிறது.

பழைய ஜீப்பையே பழைய மாதிரி புதுப்பிக்கலாம். அதில் வில்லங்கம் குறைவு. என்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பரைப் பதிந்துகொள்ள வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் செக்போஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார்!

போடியில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஜீப்பைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அங்கே படிப்பு. இங்கே கைப்பழக்கம். இரண்டையும் ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தால் என்ன? ஒற்றை வண்டியைப் பரிசோதித்துச் சான்று கொடுக்க சர்க்கார் ஒரு வழி செய்தால் என்ன?

ஏனென்றால் இது பையன்களின் விளையாட்டு மட்டும் அல்ல. ரேஸ் கார் ஆசையில் பிரேக்கும் கியரும் கற்றுக்கொள்கிறவன்தான் நாளைக்குக் கூலி ஜீப்பை ரிப்பேர் பார்க்கப் போகிறான். அவன் மாட்டுகிற ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட்டை, முடுக்குகிற ஒரு நட்டை நம்பித்தான் அந்த வண்டியில் ஆட்கள் ஏறுகிறார்கள்.

சாயங்காலம் 6 மணிக்குப் போடிமெட்டு வளைவுகளில் ஜீப்புகள் வரிசையாக இறங்குகின்றன. உள்ளே களைத்துப் போன பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்தபடி. அவர்களுக்கு வண்டி பறக்க வேண்டியதில்லை. பிரேக்கை மிதித்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?