பரணில் இருந்த விதை

மேல்மலையில் என் பெரியம்மா வீட்டு அடுப்படிக்குள் அன்று குனிந்துதான் போக வேண்டும். நிலை தாழ்ந்தது, அதைத் தாண்டினாலோ தலையில் பூண்டு இடிக்கும். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதன் குறுக்குக் கழிகளில், காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டுப் பிடிகள் வரிசையாகத் தொங்கும். 1980களில் பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த ஒரு சித்திரையில் படுத்துக்கொண்டே அவற்றை எண்ணினேன். 42 பிடிகள். பிடிக்கு 25 பூண்டு என்றார் பெரியம்மா.

இன்று அந்த அடுப்படியில் நிமிர்ந்து நடக்கலாம். பரண் இல்லை. அது இருந்த இடத்துக்குக் கீழே எரிவாயு அடுப்பு, அதற்குப் பின்னால் வெள்ளை ஓடு பதித்த சுவர். சமையலுக்கான பூண்டு ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருக்கிறது. அரைக் கிலோ இருக்கலாம். அதுவும் கடையில் வாங்கியது.

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று நீளும் ஊர்களைத்தான் மேல்மலை என்பார்கள். ஏறத்தாழ 6,000 அடி உயரம். சரிவைப் படிப்படியாக வெட்டிய நிலங்கள். ஆண்டுக்கு இரண்டு பூண்டு வெள்ளாமை: வைகாசியில் நட்டுப் புரட்டாசியில் எடுப்பது ஒன்று, கார்த்திகையில் நட்டுப் பங்குனியில் எடுப்பது மற்றொன்று. இரண்டுமே நாலு மாதப் பயிர். ஊர்க் காட்டில் ஏக்கர் கணக்கில் பூண்டு போட்டவர்களும் வீட்டை ஒட்டிய கொல்லையில் தனியாக ஒரு பாத்தி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் கொல்லை 12 சென்ட், நாலு படி.

நடவுக்கு முந்தின இரவில் பல் பிரிப்பார்கள். பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொள்வார். பூண்டின் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு, பல் விலகும். வெளிச்சுற்றின் தடித்த பற்கள் முறத்துக்கு. நடுவிலிருக்கும் ஒல்லிப் பற்கள் பக்கத்துச் சட்டிக்கு, அதாவது மறுநாள் குழம்புக்கு. தோல் கிழிந்த பல் எவ்வளவு தடித்திருந்தாலும் சட்டிக்குத்தான் போகும். மண்ணுக்குள் அது அழுகிவிடும். எங்களைப் போன்ற பிள்ளைகள் பிரித்தால் அவர் மறுபடி ஒரு தரம் முறத்தைத் துழாவிப் பார்ப்பார். பாதிக்கு மேல் சட்டிக்குப் போய்விடும்.

காலையில் நடவு. வேர் இருந்த தட்டைப்பக்கம் கீழே, கூர்நுனி மேலே, இரண்டு விரற்கணு ஆழம். வரிசைக்கு வரிசை கொத்தின் இலை அகலம். பல்லுக்குப் பல், கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கை அகலம். அதே கொத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அளந்து பார்த்தேன், ஆறு அங்குலம். கை அகலம் நாலு அங்குலம். இன்றைய வேளாண் கையேடுகள் சொல்லும் இடைவெளி 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். அளவுகோல் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை.

மற்றவை பெரிதும் மாறின. அன்று ஆட்டுக்கிடை போட்ட மண்ணும் மாட்டுக் குப்பையும். இன்று மூட்டை உரம். கார்த்திகைப் பூண்டுக்கு மார்கழியும் தையும் சோதனைக் காலம். பொழுது விடியும்போது தாள்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறுமுன் அதைக் கழுவிவிடாவிட்டால் தாள் கருகும். அன்று பெரியம்மாவும் அண்ணனும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விறைத்த கைகளால் குடத்துத் தண்ணீரை நாலு படிகளுக்கும் தெளிப்பார்கள். இன்று அண்ணி கதவைத் திறந்து, குழாய்த் திருகைத் திருப்பிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். தெளிப்பான் சுற்றுகிறது. அந்தக் குளிரில் நின்று பார்த்தவர் எவரும் குடத்துக்காக ஏங்க மாட்டார்கள்.

பங்குனியில் தாள் மஞ்சளித்துச் சாயும். ஈரப் பதம் பார்த்துப் பிடுங்கி, நிழலில் உலர்த்தி, திண்ணையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். விதைக்கு, விலைக்கு, வீட்டுக்கு. எந்த வரிசையில் பிரிப்பது என்பதில்தான் பெரியம்மாவுக்குப் பிடிவாதம். முதல் தேர்வு விதைக்கு: பெரியது, இறுகியது, காயமில்லாதது. அடுத்தது விலைக்கு. சிறுத்ததும் சிதைந்ததும் வீட்டுக்கு. வியாபாரி வந்து நின்று, விதைக் குவியலைக் காட்டி, இதைக் கொடுத்தால் கூடுதல் விலை தருகிறேன் என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். “அது பரணுக்குப் போறது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

நான் எண்ணிய 42 பிடிகளும் அந்த முதல் குவியல்தான். சமையல் பூண்டு மூலையில் ஒரு கூடையில் கிடந்தது. பரணில் தொங்கியது முழுவதும் விதை.

பூண்டின் பிழைப்பே அந்தப் பரணில்தான் இருந்தது. நெல்லையும் கத்தரியையும் போலப் பூண்டுக்குப் பூத்துக் காய்த்து விதை கட்டும் வழக்கம் ஏறக்குறைய இல்லை. பல்தான் விதை. ஒரு பல் நட்டால் தாய்ச் செடியின் மறுபதிப்பு ஒன்று வரும். அதன் பல்லை நட்டால் இன்னொன்று. பெரியம்மாவின் மாமியார் கையில் இருந்த பூண்டும், பெரியம்மா நட்ட பூண்டும், கணக்குப்படி ஒரே செடி. கைமாறிக்கொண்டே வந்தது. ஓர் ஆண்டு விதை கெட்டால் அந்தத் தொடர்ச்சி அந்த வீட்டில் அறுந்தது என்று பொருள்; பக்கத்து வீட்டுப் பரணில் இருந்தால் கடன் வாங்கலாம்.

பங்குனியிலிருந்து கார்த்திகை வரை எட்டு மாதம். மழையும் மூடுபனியும் ஓயாத மலையில் அவ்வளவு காலம் பூண்டைக் காப்பாற்றியது புகை. அடுப்பின் வெதுவெதுப்பு தோலை உலர்த்தியது. புகை பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடவில்லை. தோல் தேன்நிறமாகும், உள்ளே பல் கல்போல இறுகும். இதற்கென்று தனி வேலை எதுவும் இல்லை. மூன்று வேளை சமைத்தால் விதைக்கும் காவலாகிவிடும்.

அந்தக் காவலுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் பெரியம்மா. கண் எப்போதும் சிவந்திருக்கும். விடியற்காலையில் வீட்டில் முதலில் கேட்பது அவருடைய இருமல். வாட்டில் மர விறகைச் சுமந்து சரிவில் ஏறியதில் இடுப்பு போயிற்று. 2006க்குப் பின் தமிழ்நாடு அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கிய ஆண்டுகளில் அந்த வீட்டுக்கும் ஒன்று வந்தது. முதலில் தேநீருக்கு மட்டும், பிறகு எல்லாவற்றுக்கும். அடுத்த குளிர்காலத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பரணில் தொங்கிய பூண்டு மட்டும் அந்த ஆண்டு ஆவணியில் பூசணம் பிடித்து, கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாமல் அமுங்கிற்று. மறு ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டு பரணைப் பிரித்து விறகாக்கினார்கள்.

விதை சந்தைக்குப் போயிற்று, அதாவது சந்தையிலிருந்து வரத் தொடங்கியது. திண்ணையில் பிரிக்கும் வரிசையும் அதோடு புரண்டது. பெரியதும் இறுகியதும் முதலில் விலைக்கு. மிச்சம் வீட்டுக்கு. விதைக்கு எதுவும் ஒதுக்குவதில்லை. நடவு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். ஒரு சென்ட்டுக்குக் குறைந்தது இரண்டு கிலோ விதை வேண்டும். 2024 தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சந்தைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, கையில் விதை இல்லாதவர்கள் நடவைக் குறைத்துக்கொண்டார்கள். அண்ணன் அந்த ஆண்டு ஒரு பல்கூட நடவில்லை.

வாங்கிய விதையில் குறை மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது. பல் பெரியது. தோல் எளிதாக உரிகிறது. ஒரே பூண்டைத் தலைமுறை தலைமுறையாக நட்டால் வைரஸ் நோயும் பல்லோடு சேர்ந்தே வரும். பரண் விதைக்கும் அந்தச் சங்கடம் இருந்திருக்கும், பெயர் தெரியாமல் ‘விதை சலித்துவிட்டது’ என்பார்கள். ஊட்டி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஊட்டி 1 போன்ற ரகங்கள் விளைச்சலைக் கூட்டின. ஆனால் சந்தை விதையோடு அடித்தாள் அழுகலும் சில ஆண்டுகளில் விருந்தாளியாக வந்து தங்கிவிடுகிறது. எந்த ஊர்ப் பூண்டு என்று கேட்டால் விற்பவர் ஒரு பெயர் சொல்வார். அவருக்கு முன்னால் விற்றவர் சொன்ன பெயர் அது.

பூண்டு பயணித்த வழியும் திசை மாறியிருக்கிறது. வட்டக்கானல், வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் குதிரைமேல் மூட்டை ஏற்றிப் பெரியகுளத்துக்குப் போன கதைகளைப் பெரியப்பா சொல்வார். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் இன்றும் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை கூடுகிறது. அங்கே மலைப்பூண்டுக்குப் பக்கத்திலேயே மத்தியப் பிரதேசப் பூண்டும் இமாச்சலப் பூண்டும் குவிந்திருக்கின்றன. அன்று மலையிலிருந்து சந்தைக்குப் பூண்டு இறங்கியது. இன்று சந்தையிலிருந்து மலைக்கும் ஏறுகிறது. கூடவே வாங்குபவர்களும் ஏறுகிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் கொடைக்கானலுக்கு வர வேண்டும் என்கிற அளவுக்குக் கூட்டம்.

‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதுவரை வாய்ச்சொல்லாக இருந்த பெயருக்குச் சட்டத்தின் காப்பு வந்தது. நல்லதுதான். சாலையோரக் கடைகளில் அந்தப் பெயர் எழுதிய அட்டைகள் தொங்குகின்றன. பெயருக்கு வேலி வந்த காலத்தில் பெரியம்மாவின் கொல்லை சுருங்கியது. நாலு படியில் இரண்டு, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகளாகின. ஒன்றில் வண்டி நிறுத்துகிறார்கள். மீதி ஒரு படி, 3 சென்ட். அறை வாடகையில்தான் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். 12 சென்ட் பூண்டு அதைச் செய்திருக்காது.

எனக்கும் ஓர் ஆசை வந்து மதுரையில் மொட்டைமாடித் தொட்டியில் பூண்டு நட்டேன். எட்டாம் நாள் முளைத்தது. தாள் முழ நீளம் வளர்ந்தது. நாலு மாதம் கழித்துப் பிடுங்கினால் அடியில் வெங்காயம்போல ஒற்றைப் பல், சிலவற்றில் அதுவும் இல்லை. பூண்டு பல்லாகப் பிரியக் குளிர் வேண்டும். மதுரை அதைத் தராது. தொலைபேசியில் சொன்னபோது பெரியம்மா சிரித்தார். “தாளை அரிஞ்சு தோசையில போடு தம்பி, வேற என்ன செய்வ?” அப்படியே செய்தேன். நன்றாக இருந்தது. பிறகு, கொல்லையில் இப்போது என்ன விதை என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “வாங்குனது” என்றார்.

போன சித்திரையில் மேலே போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வெந்நீர்க் கொட்டகையில் புகை வந்தது. அறைகளில் தங்குபவர்களுக்குக் குளிக்க இன்னும் விறகில்தான் தண்ணீர் காய்ச்சுகிறார்கள். காலையும் மாலையும், ஆண்டு முழுவதும். உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரைக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே மாட்டி, அதில் பூண்டுப் பிடிகளைக் கட்டியிருந்தார்கள். அண்ணியின் வேலை. பக்கத்து ஊரில் ஒரு வீட்டுப் பரண் பூண்டு கொஞ்சம் கிடைத்ததாம். ஒரு வெள்ளாமை பெருக்கிப் பார்த்திருக்கிறார். திண்ணையில் முதல் குவியல் மறுபடி விதைக்குத்தானாம். அறைக்கு வந்த ஒருவர் அந்தப் பிடிகளைப் பார்த்து நல்ல விலை சொன்னாராம். அண்ணி கொடுக்கவில்லை.

எண்ணிப் பார்த்தேன். 11 பிடிகள். பிடிக்கு 25 என்றால் 275 பூண்டு. ஒன்று 25 கிராம் என்று வைத்தால் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய 42 பிடிகள் 12 சென்ட்டுக்குப் போதுமானவை. இந்த 11, இருக்கிற 3 சென்ட்டுக்குப் போதும்.