உயிர்த்திரள் எரிபொருளும் நைட்ரஜன் சேர்மங்களும்

மரத்தூள், வைக்கோல், நுண்பாசி முதலான உயிர்த்திரளைக் காற்றுப் புகாத கலனில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, எரிவாயு, எண்ணெய், கரி ஆகியவற்றைப் பெறும் முறை வெப்பச்சிதைவு எனப்படுகிறது. இம்முறையில், தாவரம் தன் வளர்ச்சிக்காக மண்ணிலிருந்து உறிஞ்சிப் பெரும்பாலும் புரதங்களாகச் சேமித்து வைத்த நைட்ரஜனும் விடுபடுகிறது. அதன் அளவு மரத்தின் உலர் எடையில் பொதுவாக 0.5 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்க, நுண்பாசிகளிலோ 5 முதல் 10 விழுக்காடு வரை அமைவதுண்டு.

வெப்பம் ஏற ஏறப் புரதங்களின் பிணைப்புகள் அறுந்து, ஒரு பகுதி நைட்ரஜன் அம்மோனியாவாகவும், நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் சயனைடாகவும், ஐசோசயனிக் அமிலமாகவும் வளிவடிவில் வெளியேறுகிறது. எஞ்சியது வளைய அமைப்புடைய சேர்மங்களாக எண்ணெயிலும் கரியிலும் தங்குகிறது. இவ்வளிகள் பின்னர் காற்றுடன் எரியும்போது, நுரையீரலுக்கு ஊறு செய்து அமில மழைக்கும் வழிவகுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜன் இவ்வாறு மாறுவதற்குப் பெரும்பாலும் 1,300 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுவதால், அதற்குக் குறைந்த வெப்பத்தில் இயங்கும் உயிர்த்திரள் உலைகளில் எரிபொருளின் நைட்ரஜனே முதன்மைக் காரணமாகிறது.

இதற்குத் தீர்வும் வேதியியலிலேயே அடங்கியுள்ளது. காற்றை ஒரேயடியாகச் செலுத்தாமல் படிப்படியாகச் செலுத்தினால், ஆக்சிஜன் குறைந்த முதற்கட்டத்தில் அம்மோனியா நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்ற சிறப்பு மட்டும் போதாது. அதன் புகையும் தூயதாக இருத்தல் வேண்டும்.