வடாம் காயாத மாசத்தில் ராயல் ஐஸிங்!

‘ராயல்’ என்றதும் நம்ம பசங்களுக்கு ஞாபகம் வருவது புல்லட்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது... அந்த போன் வருகிறவரை.

திருநின்றவூரிலிருந்து அக்கா பெண். “மாமா, என் பர்த்டேக்கு மயில் பிஸ்கெட் வேணும். மேல நீலக் கலர்ல, தொட்டா கண்ணாடி மாதிரி இருக்கணும்.” ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். ஐந்து வயசு முடியப் போகிறது. மறுக்க முடியுமா? “இவ்ளோதானே! மாமா இருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் செய்த ஒரே சமையல் நூடுல்ஸ்.

விசாரித்ததில், அந்தக் கண்ணாடிப் பூச்சின் பெயர் ராயல் ஐஸிங் என்று தெரிந்தது. பிஸ்கெட் சுடுவது அக்கா பொறுப்பு, பூச்சு என் பொறுப்பு என்று ஒப்பந்தம். வெள்ளானூரில் மூன்று நண்பர்களோடு ரூம் எடுத்துக்கொண்டு, தினமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்க் கணக்கு எழுதுகிற நான், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஐஸிங் சர்க்கரையோடு ரூமுக்குள் நுழைந்தேன்.

கேட்டால் சிரிப்பீர்கள். ராயல் ஐஸிங்குக்குத் தேவை மூன்றே மூன்று சாமான். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, இருநூறு கிராம் சுமாருக்கு ஐஸிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. அடுப்பே வேண்டாம். அடிக்க வேண்டும், அவ்வளவுதான். (ஐஸிங் சர்க்கரை என்பது மாவாக அரைத்த சர்க்கரை. கட்டி தட்டாமல் இருக்கக் கொஞ்சம் சோள மாவு சேர்த்திருப்பார்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்தால் நறநறவென்று மணல் மாதிரி நிற்கும். நான் முயற்சி பண்ணியாயிற்று.)

முதல் நாள் அடித்தேன்... அடித்தேன்... கை கழன்றதுதான் மிச்சம். நுரை வருவேனா என்றது. மிக்சர் கொட்டி வைக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடித்திருக்கிறேன்! வெள்ளைக்கருவில் இருக்கிற புரதம் அடிக்க அடிக்கச் சுருள் பிரிந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலை பின்னிக்கொள்ளும். எலுமிச்சைப் புளிப்பு அந்த வலைக்குக் காவல். எண்ணெய்ப் பசையோ, ஒரு துளி மஞ்சள் கருவோ இருந்தால் வலை பிய்ந்துவிடும். பிளாஸ்டிக்கை எத்தனை தேய்த்தாலும் எண்ணெய் போகாது. எவர்சில்வரோ, கண்ணாடியோதான் சரி.

இரண்டாம் தடவை நுரை வந்தது. ஆனால் பிஸ்கெட்டில் ஊற்றினால் விளிம்பைத் தாண்டித் தரைக்கு ஓடுகிறது. அப்போதுதான் புரிந்தது, இதில் வித்தையே பதம்தான். கரண்டியைத் தூக்கினால் மூக்கு மாதிரி விறைத்து நிற்கிற பதம் பூ செய்ய. அதைவிடக் கொஞ்சம் தளர்ந்தது கோடு இழுக்க. இன்னும் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் நடுவில் நிரப்ப. கத்தியால் ஒரு கோடு கிழித்தால், பத்து எண்ணுவதற்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். ஐந்திலேயே மூடினால் ஓடிவிடும், இருபதானால் மேடு பள்ளமாக நிற்கும். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற ஊரில் பிறந்துவிட்டு இதற்கு பயப்படலாமா?

கோடு இழுக்க மருதாணி கோன் மாதிரி ஒரு கோன். முதலில் ஓரத்தில் வரப்பு கட்டி, அது கொஞ்சம் இறுகினதும் உள்ளே தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி நிரப்ப வேண்டும். துணியில் ஓட்டை போட்டு ஜாங்கிரி பிழிகிற மாஸ்டரைக் கொண்டு வந்து விட்டால் அரை மணியில் பிரமாதப்படுத்திவிடுவார். நான் போட்ட மயிலைப் பார்த்து ரூம் நண்பன் “கோழிக்கு ஏண்டா நீலக் கலர்?” என்றான். எதிரி வெளியே இல்லை, ஸார்!

சரி, கோழியாவது காய்ந்ததா? ராத்திரி முழுக்க மழை. காலையில் தொட்டால் பிசுபிசு. ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும் என்று புத்திசாலித்தனமாக உள்ளே வைத்தேன். வெளியே எடுத்த பத்தாவது நிமிஷம் பிஸ்கெட்டுக்கு வியர்த்தது. மயிலின் நீலம் கரைந்து பிஸ்கெட் மேல் கண்மை வழிந்தது.

அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். “எந்த மாசம்டா இது? கார்த்திகையில எவளாவது மொட்டை மாடியில வடாம் பிழிவாளா?” என்றாள்.

ஆயிரம் வீடியோ சொல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். ராயல் ஐஸிங் என்பது சர்க்கரை வடாம்தான். தண்ணீர் வெளியேறினால்தான் கல்லாகும். சர்க்கரையோ, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாதி. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில், நம்ம ஊர்க் காற்றில் அது எங்கே காயும்?

“ஆமா, எதுல பண்றே அதை?” என்றாள் அம்மா. “முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்மா.” ஒரு விநாடி மௌனம். “பண்ணுடா, குழந்தை ஆசைப்படுது” என்று வைத்துவிட்டாள்.

அம்மா முட்டையைத் தொட மாட்டாள். பேத்தியின் நான்கு பிறந்த நாளிலும் கைதட்டிவிட்டு, கேக் துண்டு வரும்போது சமையற்கட்டுக்குள் நழுவிவிடுவாள். போன வருஷம் அந்தக் குட்டி துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, “பாட்டிக்கு என் மேல கோபமா?” என்று கேட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள்!

(முட்டை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதில் வெள்ளைக்கரு வேகவே போவதில்லை. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவர்களுக்குக் கொடுப்பதானால், கிருமி நீக்கிய வெள்ளைக்கருப் பவுடர்தான் நல்லது.)

முட்டையில்லாமல் ராயல் ஐஸிங் உண்டா? தேடினேன். புனேயில் பிராச்சி தபல் தேப் என்று ஒரு பெண்மணி. நம்மைப் போல ஆபீஸில், பைனான்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு கேக்குக்கு வந்தார். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குக் கேக் அலங்கரித்த எடி ஸ்பென்ஸிடம் இங்கிலாந்தில் போய்ப் படித்தார். ஊருக்கு வந்தால் நம்ம ஜனம், “இதுல முட்டை இருக்கா?” என்றுதான் கேட்கிறது. அதனால் ஓர் இந்தியக் கம்பெனியோடு சேர்ந்து, முட்டையே இல்லாத ராயல் ஐஸிங்கை உருவாக்கினார். அதை வைத்து மிலான் நகர தேவாலயத்தின் பாணியில் நூறு கிலோவில் ஒரு மாளிகை கட்டினார். ஆறடிக்கு மேல் நீளம், நாலரை அடி உயரம். 2022-ல் லண்டனின் வேர்ல்டு புக் ஆஃப் ரெக்கார்ட்ஸில் ஏறியது. அவர் நூறு கிலோ நிறுத்துகிறார், எனக்கு ஒரு மயில் நிற்கவில்லை!

ராயல் என்ற பேரே விக்டோரியா மகாராணியின் கல்யாண கேக்கினால் வந்தது என்பார்கள். 1840 பிப்ரவரி 10. முந்நூறு பவுண்டு எடை, சுற்றளவு மூன்று கஜம், மேலெல்லாம் வெள்ளை வெளேர். ஆனால் அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே, 1769-ல், எலிசபெத் ராஃபால்டு என்ற அம்மாள் தன் சமையல் புத்தகத்தில் கல்யாண கேக்குக்கு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரைப் பூச்சு எழுதி வைத்துவிட்டார். உழைச்சது ஒருத்தர், பேர் ராணிக்கு! இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் சர்க்கரைப் பஞ்சத்தால் கேக்குக்கு ஐஸிங் போடவே பிரிட்டனில் தடை. கல்யாணத்தில் அட்டையில் செய்த கேக் மூடியை வாடகைக்கு எடுத்து வந்து, உள்ளே சின்னக் கேக்கை ஒளித்து வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

பிராச்சியின் ஐஸிங் ஆர்டர் போட்டு வர நேரமில்லை. மாற்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்! 2014-ல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுப் பாடகர், பயறு வெந்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கிறது என்று கண்டுபிடித்தார். மறு வருஷம் அதற்கு அக்வாஃபாபா என்று நாமகரணம். தலைமுறை தலைமுறையாகச் சுண்டல் பண்ணி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறோமே!

அக்காவுக்கு போன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைக்கச் சொன்னேன். வடிகட்டி, வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகும்வரை சுண்ட வைத்து, ஆறவைத்தாள். ஒரு முட்டைக்கு மூன்று ஸ்பூன் கணக்கு. நுரை வந்ததைப் பார்த்து ரூமே விசிலடித்தது. முட்டை ஐஸிங் அளவுக்குக் கல்லாகாது. காய இன்னும் நேரம் பிடிக்கும். அதுதான் அடுத்த பிரச்னை.

ஏ.ஸி. எங்கே இருக்கிறது? ஆபீஸில்! சனிக்கிழமை, மேனேஜர் லீவு. காலை எட்டு மணிக்கே போய், மீட்டிங் ரூம் மேஜையில் முப்பது மயிலை வரிசையாகப் போட்டு நிரப்பினேன். (கலருக்கு ஜெல் கலர்தான். தண்ணிக் கலர் பதத்தைக் கெடுக்கும். கிண்ணத்தின் மேல் ஈரத்துணி மூடவில்லையென்றால், கோனுக்குப் போகும் முன்னாலேயே மேலே ஆடை கட்டி, மூக்கில் அடைத்துக்கொள்ளும்.) ஏ.ஸி.யும் ஃபேனும் போட்டுவிட்டு, என் சீட்டில் உட்கார்ந்து பேலன்ஸ் ஷீட் பார்த்தேன். வாட்ச்மேன் அண்ணன் காவல். “என்னா தம்பி, ஆடிட்டா?” என்று கேட்டுவிட்டு ஒரு மயிலை வாயில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டேன். டொக் டொக் என்றது. கண்ணாடி!

பிஸ்கெட் டப்பாவில் பட்டர் பேப்பர் போட்டு அடுக்கி, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். வெளியே பேய் மழை. பட்டாபிராம் வரைக்கும் டப்பாவைச் சட்டைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றேன். ஓர் ஆசாமி சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

இருபத்தாறு முழுசாகப் போய்ச் சேர்ந்தன. குட்டி முதல் மயிலை எடுத்து, நேராகச் சமையற்கட்டுக்கு ஓடினாள். “பாட்டி, இதுல முட்டை இல்ல. உன் கொண்டைக்கடலைதான்!”

அம்மா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். மயிலின் தோகையைக் கடித்தாள். ‘கடக்’ என்று சத்தம். மெதுவாக மென்று விழுங்கினாள்.

“நல்லாத்தாண்டா இருக்கு. சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“அம்மா, அது முழுக்கவே சர்க்கரைதாம்மா!”