நோய் தணிந்த பின்னும் மருந்து எதற்கு?

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தணிந்துவிட்டது என்று வந்திருக்கிறது. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடி விளையாடுகிறது. பிறகும் ஏன் ஆண்டுக்கணக்கில் மருந்து?"

இது நியாயமான கேள்வி. வேலைக்கு விடுப்பெடுத்து, நெடுந்தொலைவு பயணம் செய்து, வீட்டில் மற்றப் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டு வரும் குடும்பங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் என்பது பெரும் சுமை. ஆயினும், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் 'ஏ.எல்.எல்.' என்னும் இரத்தப் புற்றுநோயில், முழுக் குணம் பெறுவது பெரிதும் இந்தக் காலத்தைச் சார்ந்தே இருக்கிறது.

தணிவு என்பதன் பொருள்

நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் மாதச் சிகிச்சைக்குப் பின், மஜ்ஜையில் அவை 5 விழுக்காட்டிற்கும் குறைந்தால், அதை 'நோய் தணிவு' என்கிறோம். நுண்ணோக்கிக்கு எட்டாத நிலையிலும் உடலில் ஆயிரம் கோடி வரை புற்றணுக்கள் எஞ்சியிருக்கக்கூடும். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றைக் கண்டுபிடிக்கும் இன்றைய நுட்பமான பரிசோதனையில் எதுவும் தென்படாவிட்டாலும், எஞ்சியவை கோடிக்கணக்கில் இருக்க வாய்ப்புண்டு. பயிர் நடுவே களையை அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத் தெரியும். வேர் மண்ணுக்குள் கிடக்கும். தணிவும் அத்தகையதே.

1948 கற்றுத்தந்த பாடம்

இதை மருத்துவ உலகம் பெரும் துயரத்தினூடே கற்றது. 1947-ஆம் ஆண்டு வரை இந்நோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948-இல் வெளியான ஃபார்பரின் அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தனர். ஆனால் அந்த நலம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது.

ஒரே மருந்தைக் கொண்டு, குறுகிய காலம் மட்டும் போரிட்டால் எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகும் என்பது அப்போது புலப்பட்டது. மெம்ஃபிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கல், பல மருந்துகளைச் சேர்த்து, கட்டம் கட்டமாக, ஆண்டுக்கணக்கில் தரும் முறையை வகுத்தார். 1960-களின் இறுதியில் தொடங்கிய அவரது ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தனர். இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். உங்கள் குழந்தையின் சிகிச்சை அட்டவணையும் இவ்வழியில் வந்ததே.

கட்டங்கள் ஏன்?

முதற்கட்டம் நோயைத் தணிக்கிறது. அடுத்த கட்டங்கள் எஞ்சிய அணுக்களைத் தீவிரமாகத் தாக்குகின்றன. இரத்தத்தில் செல்லும் மருந்துகள் பல மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. அங்கே புற்றணுக்கள் ஒளிந்துகொள்ளலாம். அதனாலேயே முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்துகிறோம். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே ஊசி போடப்படுவதால், கால்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. இறுதியாக வருவது மிக நீண்ட பராமரிப்புக் கட்டம். இதில் சிகிச்சையின் பெரும்பகுதி உங்கள் வீட்டிலேயே நடைபெறுகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மெர்காப்டோப்யூரின் மாத்திரை நாள்தோறும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்கென ஒரு கிழமையை முடிவுசெய்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மெர்காப்டோப்யூரினை 95 விழுக்காட்டிற்கும் குறைவாக உட்கொண்ட குழந்தைகளிடம் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்திருந்தது. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்த அளவுக்குக் கீழே வந்துவிடும். திருவிழா, பயணம், திருமணம் எதுவாயினும் மாத்திரை உடன் வரட்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். வாந்தியெடுத்தால் எங்களைக் கேளுங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அளவை மாற்றுவது மருத்துவரின் பணி. நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் விடுமுறை நாளானாலும் உடனே வாருங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்த குழந்தையிடம் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். அருகில் யாருக்கேனும் அம்மை கண்டால், குழந்தைக்கு அறிகுறி இல்லாவிடினும் அன்றே தெரிவியுங்கள்.

வர இயலாத நிலை ஏற்பட்டால்

பணமின்மை, பயணச்செலவு, வேலை இழப்பு ஆகிய காரணங்களால் சில குடும்பங்கள் இடையில் வருவதை நிறுத்திவிடுகின்றன. திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முதல்முறையைவிடக் கடினம். ஆகவே, வருகையைத் தள்ளிப்போடும் முன் மருத்துவ சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டுத் திட்டம், தங்குமிடம், பயண உதவி ஆகியவற்றில் எது கிட்டும் என்று பார்த்துச் சொல்வது அவர்தம் பணி. ஒருமுறை வராமற்போயிருந்தாலும் தயங்காதீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள இங்கே எவரும் இல்லை. விட்ட இடத்திலிருந்து எவ்வாறு தொடரலாம் என்பதையே பேசுவோம்.