மேல் சுவாசக்குழாய்த் தொற்று

மேல் சுவாசக்குழாய்த் தொற்று என்பது மூக்கு, மூக்கை அடுத்துள்ள எலும்புக் குழிவறைகளான சைனசுகள், தொண்டை, குரல்வளை ஆகிய பகுதிகளில் நுண்ணுயிர்களால் ஏற்படும் நோய்த்தொற்றுகளின் பொதுப்பெயர் ஆகும். தடிமன், தொண்டை அழற்சி, டான்சில் அழற்சி, சைனசு அழற்சி, குரல்வளை அழற்சி என்பன இதில் அடங்கும். குரல்வளைக்குக் கீழே நுரையீரல் வரை ஏற்படும் தொற்றுகள் கீழ் சுவாசக்குழாய்த் தொற்றுகள் எனப்படுகின்றன.

இவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது தடிமன் ஆகும். இது சளி பிடித்தல், நீர்க்கோவை, சலதோசம் எனவும் வழங்கப்படுகிறது. வளர்ந்தோருக்கு ஆண்டுக்கு 2 முதல் 3 முறையும், சிறு குழந்தைகளுக்கு 6 முதல் 8 முறையும் தடிமன் ஏற்படுவது இயல்பானது.

நோய்க்காரணிகள்

இத்தொற்றுகளில் பெரும்பாலானவை வைரசுகளால் ஏற்படுபவை. தடிமனை உண்டாக்கும் வைரசுகள் 200-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் முதன்மையானது ரைனோவைரசு. இது ஏறத்தாழ 33 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு பெருகும். மூக்கின் உட்பகுதி உடலின் மையப்பகுதியைக் காட்டிலும் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கு இவ்வைரசு எளிதில் வளர்கிறது. கொரோனாவைரசுகள், அடினோவைரசு, இன்ஃபுளுவென்சா வைரசு ஆகியவை பிற காரணிகள். ரைனோவைரசில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடல் பெறும் எதிர்ப்பாற்றல் மற்றொன்றிடமிருந்து முழுமையாகக் காப்பதில்லை. தடிமன் மீண்டும் மீண்டும் வருவதற்கும், அதற்குத் தடுப்பூசி உருவாக்குவது கடினமாக இருப்பதற்கும் இதுவே முக்கிய காரணமாகும்.

பாக்டீரியாக்களில் குறிப்பிடத்தக்கது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கசு. குழந்தைகளுக்கு ஏற்படும் தொண்டை அழற்சியில் 20 முதல் 30 விழுக்காடு இதனால் ஏற்படுகிறது; வளர்ந்தோரில் இவ்விகிதம் குறைவு.

அறிகுறிகள்

தொற்றிய ஒன்று முதல் மூன்று நாட்களில் தொண்டைக் கரகரப்பு, தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு, இருமல், உடல்வலி ஆகியவை தோன்றும். பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் நோய் தானே நீங்கும். இருமல் மட்டும் மூன்று வாரங்கள் வரை நீடிக்கலாம்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அது பாக்டீரியாத் தொற்று என்று கருதுவது தவறு. நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களில் உள்ள நொதியே அந்நிறத்தைத் தருகிறது. வைரசுத் தொற்றிலும் இது நிகழும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வைரசுகளை அழிப்பதில்லை. எனவே தடிமனுக்கு அவற்றை உட்கொள்வதால் பயனில்லை. மாறாக, மருந்தை எதிர்த்து வாழும் பாக்டீரியாக்கள் பெருக அது வழிவகுக்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 ஆம் ஆண்டு தமது நோபல் பரிசு உரையிலேயே இவ்வபாயத்தைச் சுட்டிக்காட்டினார். இந்தியாவில் சில முக்கிய நுண்ணுயிர் எதிர்ப்பிகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த எச்1 என்னும் மருந்துப் பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஸ்ட்ரெப்டோகாக்கசு தொண்டை அழற்சி. சிகிச்சை பெறாத சிலருக்கு, குறிப்பாக 5 முதல் 15 வயதினருக்கு, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் கீல்வாதக் காய்ச்சல் ஏற்பட்டு இதய வால்வுகள் நிலையாகப் பழுதடையலாம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் சிகிச்சை தொடங்கப்பட்டால் இதைத் தடுக்க இயலும். மாத்திரையாக வழங்கப்படும் பெனிசிலினை, வலி முன்னரே நீங்கினாலும், 10 நாட்களும் உட்கொள்ள வேண்டும்.

வளர்ந்தோரில் இவ்வழற்சியை இனங்காண 1981 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டோர் நான்கு குறிகளை முன்வைத்தார். அவை: காய்ச்சல், டான்சில்களில் வெண்படிவு, கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி, இருமல் இல்லாமை. இவற்றில் எதுவும் இல்லாதபோதோ ஒன்று மட்டுமே உள்ளபோதோ ஸ்ட்ரெப்டோகாக்கசு தொற்றுக்கான வாய்ப்பு குறைவு. மிகுதியாக இருந்தால் தொண்டைச் சளியைச் சோதித்து உறுதிசெய்வர்.

பராமரிப்பு

வைரசுத் தொற்றுக்கு ஓய்வும் போதிய நீர்ம உணவும் போதுமானவை. வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்தல் தொண்டை வலியையும், உப்புநீர்ச் சொட்டு மூக்கடைப்பையும் தணிக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உரிய அளவில் தரலாம். குழந்தைகளுக்கு ஆசுபிரின் தரக்கூடாது. அது ரை நோய்க்கூட்டறிகுறி என்னும் அரிய, கொடிய பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். தேன் இருமலைக் குறைக்கும். எனினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தருவது ஆபத்தானது. கொதிநீரில் ஆவி பிடிக்கும்போது குழந்தைகளுக்குத் தீப்புண் ஏற்படுவதுண்டு என்பதால் அதைத் தவிர்ப்பது நலம்.

இருமல், சளிக் கலவை மருந்துகள் சிறு குழந்தைகளுக்குப் பயனளிப்பதற்குப் போதிய சான்றில்லை. 2025 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டதாகும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

* மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், மூச்சில் கீச்சொலி
* வேகமான மூச்சு: நிமிடத்திற்கு, 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்
* மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்
* எச்சில் விழுங்க இயலாமை, பால் குடிக்க மறுத்தல், எழுப்ப இயலாத மயக்கநிலை
* தொண்டையில் சாம்பல் நிறப் படலம். இது தொண்டை அடைப்பானாக இருக்கலாம்
* காது வலி, அல்லது குறைந்து வந்த காய்ச்சல் மீண்டும் கூடுதல்

தடுப்பு

நோயாளியின் கைகள் வழியாகவும், இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் துளிகள் வழியாகவும் இவ்வைரசுகள் பரவுகின்றன. சோப்பினால் கைகழுவுதல், கழுவாத கையால் கண்ணையும் மூக்கையும் தொடாதிருத்தல், முழங்கை மடிப்பினுள் தும்முதல் ஆகியவை பரவலைக் குறைக்கும். தடிமனுக்குத் தடுப்பூசி இல்லை. இன்ஃபுளுவென்சா, தொண்டை அடைப்பான், கக்குவான், கோவிட்-19 ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உள்ளன.