"ஓரிரு இடங்களில் மழை" என்றால் என்ன? குடை எடுப்பதா, வேண்டாமா?

சென்னை,
"இடியோட மழைன்னு சொன்னாங்க. ஒரு தூத்தல்கூட விழலியே!"

ஜூன் பிறந்து மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், சென்னை பஸ் நிறுத்தங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அதே நேரத்தில் பூந்தமல்லியில் மழை வெளுத்துக் கட்டுவதும் உண்டு!

அப்படியானால் வானிலை அறிக்கை பொய்யா? இல்லை. அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

நாலு சொல், நாலு கணக்கு

ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால், அது "ஓரிரு இடங்கள்". 26 முதல் 50 வரை "ஒரு சில இடங்கள்". 51 முதல் 75 வரை "அநேக இடங்கள்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்கள்".

ஆக, "ஓரிரு இடங்கள்" என்று சொன்ன நாளில் முக்கால்வாசி ஊர் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை பலித்ததாகவே கணக்கு!

மழையின் அளவுக்கும் இப்படித்தான். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை.

மேகம் எங்கே பிறக்கிறது?

பகல் வெயிலில் தரை கொதிக்கிறது. மதியத்துக்கு மேல் கடல் காற்று ஈரத்தோடு உள்ளே நுழைகிறது. மேற்குக் காற்றோடு அது முட்டும் இடத்தில், மேகம் 10 கிலோமீட்டருக்கும் மேலே எழும்புகிறது. வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் கிளம்பும் இந்த மேகக் கூட்டம், மாலையிலோ இரவிலோ சென்னையை நோக்கி நகரும்.

ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம்தான். எந்தத் தெருவில் கொட்டும் என்று காலையிலேயே சொல்ல யாராலும் முடியாது.

அதனால்தான் ரேடாரைப் பார்த்து, "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று மாவட்டவாரியாகத் தனி அறிவிப்பு தருகிறார்கள். ஆபீஸ் விட்டுக் கிளம்புமுன், நடைபாதையில் சரக்கை விரிக்குமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கணிப்பு தவறுவதே இல்லையா? தவறியிருக்கிறது! 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான் சிவப்பு எச்சரிக்கை வந்தது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப முடியாமல் தண்ணீரில் தவித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள்!

மழையாவது நனைக்கும். மின்னல் உயிரையே பறிக்கும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று விநாடியை எண்ண வேண்டும். 3 விநாடியில் இடி கேட்டால் மின்னல் 1 கிலோமீட்டரில். 30 விநாடிக்குள் கேட்டாலே உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மரத்தடி கூடவே கூடாது. கண்ணாடி ஏற்றிய பஸ்சும் காரும் பரவாயில்லை.

மற்றபடி கணக்கு சுலபம். "ஓரிரு இடங்கள்" என்றால் குடை பையில் இருக்கட்டும். "அநேக இடங்கள்" என்றால் கையிலேயே இருக்கட்டும்!