டயரே சொல்லும் காற்றுக் கணக்கு

பிக்கப் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு தகவல். டயர் தேயும் விதத்தைப் பார்த்தே காற்றின் அளவைக் கண்டுபிடிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால், பெரும்பாலும் வீல் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

சரியான அளவு எது? ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையிலோ, வண்டியின் கையேட்டிலோ இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறுபடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை வைத்துக் காற்றடிக்காதீர்கள்.

லோடு ஏற்றும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று தேவை. இறக்கிய பிறகும் அதே காற்றோடு காலியாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் நடுப்பகுதி தேயும். வண்டியும் தூக்கிப் போடும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். ஓடிய டயரில் சூட்டால் அழுத்தம் கூடியிருக்கும். அப்போது காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் குறைந்துபோகும்.

சந்தேகமிருந்தால், டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சமமான சாலையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். கோடு ஒரே சீராக அழிந்தால் காற்று சரி. நடுவில் மட்டும் அழிந்தால் அதிகம். ஆனாலும் அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து!